நன்மைக்குப் பிறகு ஒரு நிமிடம்

9 மார்ச் 2025, ஞாயிறு (கேள்வி)

"ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கி வந்து முழங்காலில் நின்றேன். கண்ணை மூடுவதற்குள் இரண்டாவது நன்மைப் பாட்டு. அது முடிந்த கையோடு அறிவிப்புகள்: பேரவைக் கூட்டம், கெபி கட்டட நிதி, இந்த வாரம் கோவிலைப் பெருக்கும் அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) எது. நம் ஊர்ப் பங்குக் கோவிலில் மனதை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க இடமே இல்லை. அமைதி வேண்டுமென்றால் தியான இல்லத்துக்குத்தான் போக வேண்டும் போல. நான் சொல்வது தப்பா?"

9 மார்ச், இரவு (என் பதில்)

தப்பே இல்லை. திருச்சிப் பக்கம் எங்கள் பங்கிலும் இதே கதை. இன்று கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசி ஆள் நன்மை வாங்கி இடத்துக்குத் திரும்பியதற்கும் "அன்பார்ந்த இறைமக்களே" என்று மைக் கரகரத்ததற்கும் நடுவில் 4 விநாடி. அந்த 4 விநாடியிலும் ஒரு பிள்ளை தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டது.

சாமியார்கள்தான் (பங்குக் குருக்கள்) காரணம் என்பேன். எட்டரைக்கு கிளைக் கிராமத்தில் அடுத்த பூசை, வண்டி வாசலில் நிற்கிறது. பிரசங்கத்தில் 25 நிமிடத்தைக் கரைத்துவிட்டு மௌனத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

10 மார்ச்

"அமைதியாக இருக்கச் சொல்லி எங்கே எழுதியிருக்கிறது?" என்று ஒருவர் மல்லுக்கு நிற்கிறார். உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகள், எண் 45. பாவங்களை நினைத்து வருந்தும் இடத்தில், "மன்றாடுவோமாக" என்று குரு அழைத்த பிறகு, வாசகத்துக்கும் மறையுரைக்கும் பிறகு, நன்மைக்குப் பிறகு. பூசை தொடங்குவதற்கு முன் கோவிலிலும், குரு பூசை உடை போடும் அறையான சக்கிறீஸ்திலும்கூட அமைதி நல்லது என்கிறது. எங்கள் சக்கிறீஸ்தில் பூசைக்கு முன் கேட்கும் பேச்சை இங்கே எழுத முடியாது.

புதுச் சட்டமும் இல்லை. 1963-இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் 30-ஆம் எண்ணைப் பாருங்கள். மக்கள் பதிலுரை சொல்லட்டும், பாடட்டும் என்று சொல்லும் அதே பத்திதான், உரிய நேரத்தில் எல்லாரும் மௌனம் காக்கட்டும் என்று முடிகிறது. பாட்டை எடுத்துக்கொண்டோம். கடைசி வரியை விட்டுவிட்டோம்.

2018 ஜனவரியில் பூசையைப் பற்றிப் போதித்தபோது திருத்தந்தை பிரான்சிஸும் "மன்றாடுவோமாக"வுக்குப் பிறகு வரும் மௌனத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள் என்று குருக்களைக் கேட்டுக்கொண்டார். பிரசங்கம் 8 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2024-இல் சொன்னவரும் அவரே. இதை அச்செடுத்து சக்கிறீஸ்துக் கதவில் ஒட்டலாமா என்று யோசிக்கிறேன்.

12 மார்ச்

பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) ஒன்று. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் பங்கில் 22 வருடமாக கீபோர்டு வாசிப்பது நான்தான்.

நேற்று இரவு படுத்தபடி அந்த 4 விநாடியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதற்கு முன்னால் இரண்டாவது பாட்டைத் தொடங்கியது யார்? பாட்டு முடிந்த பிறகும் சும்மா இராமல் அதே ராகத்தை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தது யார்? சாமியார் உட்கார்ந்து கண்ணை மூடித்தான் இருந்தார். பழியை அவர் மேல் போட்டாயிற்று.

ஏன் வாசிக்கிறேன் என்று கேட்டால் பக்தி என்று சொல்ல ஆசைதான். உண்மை அது இல்லை. கோவிலுக்குள் சத்தம் நின்றால் ஏதோ தவறு நடந்துவிட்ட மாதிரி வயிற்றைப் பிசையும். பாடகர் குழு பாட்டை மறந்துவிட்டது, வாசகர் வரவில்லை, கரண்டு போய்விட்டது என்று மக்கள் நினைத்துவிடுவார்களோ என்று. விரல் தானாகப் போகும்.

14 மார்ச், வெள்ளி

இயேசுவின் பாடுகளை நினைக்கும் சிலுவைப் பாதைக்குப் போய்விட்டு வந்தேன். 14 நிலை, ஒவ்வொன்றுக்கும் எழுந்து முழங்காலிட வேண்டும். 60 வயதில் முட்டி சொல்லும் செபமே தனி. ஆனால் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் சிலுவையைத் தூக்கிப் போகும்போது பாட்டு ஓய்ந்து, செருப்பில்லாத கால்களின் சத்தம் மட்டும் கேட்கும் இடம் ஒன்று உண்டு. இத்தனை வருடம் அதைக் கணக்கில் எடுத்ததில்லை.

16 மார்ச், ஞாயிறு

சனிக்கிழமை சாயங்காலமே சாமியிடம் சொல்லிவிட்டேன்: "ஃபாதர், நாளைக்கு ஒரே பாட்டுதான். அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா இருப்போம்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "உங்களால முடியுமா?" என்றார்.

நடந்தது இதுதான். பாட்டு முடிந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். 10 விநாடி நன்றாகப் போனது. 15-இல் பெண்கள் பக்கம் தலைகள் திரும்பின. 20-இல் பாடகர் குழுவில் ஒரு பிள்ளை "அங்கிள், அடுத்த பாட்டு நம்பர்?" என்று கிசுகிசுத்தாள். 30 வாக்கில், கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை பீடத்துக்கு ஓடிவந்து மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ, செக்" என்றார்.

சாமியே சிரித்துவிட்டார். மொத்தம் 40 விநாடி.

17 மார்ச்

கோவில்பிள்ளையைக் கிண்டல் செய்து எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்! பாவம் மனுஷன். மைக் போனால் திட்டு வாங்குவது அவர்.

"இதற்கெல்லாம் சாந்திவனம் போங்க சார்" என்ற நண்பருக்கு: போயிருக்கிறேன். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி, காவிரிக் கரை, எங்களிடமிருந்து பஸ்ஸில் எட்டிப் பிடிக்கிற தூரம். 1950-இல் மொன்ஷானன், லெ சோ என்று இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கிய ஆசிரமம். 1968-இல் பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி வந்து 1993-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நான் போனது 1996-இல். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் தியானத்துக்கு விட்டிருந்தார்கள். பூசையில் ஆரத்தி. சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பாடு. நல்ல இடம், மறுக்கவில்லை.

ஆனால் அங்கே நான் அமைதியாக இருந்தேன் என்றால் அது ஆற்றின் அமைதி. என் வேலை அதில் ஒன்றுமில்லை. பஸ் ஏறி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது எல்லாம் கரைந்துவிட்டது.

20 மார்ச்

குருமடத்தில் படிக்கும் ஒரு தம்பி பணிவாக ஒரு குண்டு போட்டிருக்கிறார். அதே விதிமுறைகளில் எண் 313: தவக்காலத்தில் இசைக்கருவி, பாடுவதற்குத் துணையாக மட்டும். தனியாக வாசிக்கக் கூடாது. நான்காம் ஞாயிறு, பெருவிழாக்கள், விழாக்கள் மட்டும் விதிவிலக்கு.

22 தவக்காலம்! கணக்குப் போட்டால் எனக்கு, செத்த பிறகு பாவக்கடன் தீர்க்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தனி அறையே ஒதுக்கியிருப்பார்கள். எண் 45-ஐ எடுத்துச் சாமியாரை அடித்தவன் நான். நன்றி தம்பி, மறுபடி இந்தப் பக்கம் வராதீர்கள்.

21 மார்ச்

பேச்சு, ஒதுங்கியிருந்து செபிக்கும் "ரிட்ரீட்" பக்கம் போய்விட்டதால் ஒரு சொல். எங்கள் அப்பா தலைமுறை இதை ஞான ஒடுக்கம் என்றது. இப்போது தியானம் என்கிறோம், அதுவும் பந்தல் போட்டு, மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி நடக்கிறது. ஒடுக்கம் என்ற சொல்லில் இருந்த சிறிய அறை காணாமல் போயிற்று.

ஒருவர், "ஒடுங்குவது என்றால் பயந்து சுருங்குவது, அது எதற்கு?" என்கிறார். வள்ளுவர் அப்படி நினைக்கவில்லை. காலம் அறிதலில், ஊக்கம் உள்ளவனின் ஒடுக்கத்துக்கு அவர் காட்டும் உவமை சண்டைக் கிடா. பாய்வதற்காகப் பின்னால் கால் வைக்கிறதே, அது. சேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் பழைய படைவீரர், அவருக்கும் இது பிடித்திருக்கும். 1548-இல் திருத்தந்தை ஏற்பளித்த அவருடைய ஆன்மீகப் பயிற்சி முழுதாகச் செய்ய 30 நாள் ஆகும். வேலையை விட்டு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யவும் அதிலேயே வழி வைத்திருக்கிறார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஷிப்டு பார்த்த எனக்கு அந்தக் குறிப்பு ஆறுதல்.

23 மார்ச், ஞாயிறு

55 விநாடி. ஒரு குழந்தை அழுதது. அம்மா தூக்கிக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தபோது பக்கத்தில் இருந்த பாட்டி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பூசை முடிந்து இன்னொரு பாட்டி என்னிடம், "என்ன தம்பி, பாட்டு படிக்க உடம்புக்கு முடியலையா?" என்றார்.

25 மார்ச்

இன்று கிறிஸ்து பிறப்பின் அறிவிப்புப் பெருவிழா. அதனால் அந்த அறிவிப்பை நினைத்துச் சொல்லும் திரிகால செபம் ஞாபகம் வந்தது. இப்போது மூவேளை செபம் என்கிறார்கள். காலை 6, நண்பகல் 12, மாலை 6. கோவில் மணி மூன்று மூன்று அடியாக மூன்று முறை, நடுவில் இடைவெளி விட்டு, பிறகு தொடர்ச்சியாக. அந்த இடைவெளியில்தான் செபம்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊரில் களை எடுக்கிற பெண்கள் மதிய மணி கேட்டதும் வயலில் அப்படியே நிமிர்வார்கள். முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு "ஆண்டவருடைய சம்மனசு" என்று அம்மா தொடங்குவாள். சேறு படிந்த கையாலேயே சிலுவை. பக்கத்து வயல்காரர் இந்து. அவரும் வெற்றிலைப் பையை எடுப்பார். அவருக்கு அது இளைப்பாறும் மணி. ஒரே மணிக்கு இரண்டு பேர் நின்றார்கள், காரணம் வேறு. மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். மறுபடி குனிந்துவிடுவார்கள்.

ராத்திரிச் செபத்தில் ஆத்தும சோதனை என்று ஓர் இடம் வரும். அம்மா அங்கே நிறுத்துவாள். நாங்கள் நாலு பேரும் அன்றைக்குச் செய்த திருட்டுத்தனத்தை நினைக்க வேண்டும். எனக்கு எப்போதும் தம்பியின் பாவங்கள்தான் ஞாபகம் வரும். இஞ்ஞாசியார் அந்தச் சோதனையை நன்றி சொல்வதில்தான் தொடங்கச் சொல்கிறார் என்பது 50 வயதுக்கு மேல் ஒரு சேசுசபைச் சாமியிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திராது. அவள் நேராகக் குற்றத்துக்குப் போய்விடுவாள்.

இப்போது எங்கள் கோபுரத்தில் மின்கடிகாரம். மணிக்கொரு தரம் நேரத்தைச் சொல்லி ஒரு வசனத்தையும் வாசிக்கும். யாரும் நிமிர்வதில்லை. ஆறு மணிக்கு எங்கள் மணி, ஆறரை வாக்கில் பக்கத்துப் பள்ளிவாசல் பாங்கு. பாங்குக்குக் கடையை விட்டு எழுந்து போகிறவர்களைப் பார்க்கிறேன். எங்கள் மணிக்கு நான் போன் நேரத்தைச் சரிபார்க்கிறேன்.

26 மார்ச்

திருத்தம்: நேற்று எழுதியதைத் தங்கச்சி படித்துவிட்டு, "அம்மா வயலில் நின்றது தினமும் இல்லை, நடவு நேரத்தில் நாட்டாண்மை கண்டபடி ஏசுவார் என்று பாதி நாள் குனிந்தபடியேதான் முணுமுணுப்பாள்" என்கிறாள். சரிதான். எனக்கு நிமிர்ந்த நாட்கள் மட்டும் ஞாபகத்தில் நின்றுவிட்டன.

30 மார்ச்

தவக்காலம் நான்காம் ஞாயிறு. விதிவிலக்கு நாள். ஆசை தீர வாசித்தேன்.

6 ஏப்ரல்

"அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்கு என்னதான் நடக்கிறது?" என்று கேள்வி கேட்டவரே திரும்பி வந்து கேட்கிறார். நியாயம்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்று வரிசைப்படி மனதில் ஓடியது: மின்விசிறி எண்ணெய் இல்லாமல் கிறீச்சிடுகிறது, மகன் வீட்டுக் கடன் தவணை, முன் வரிசைக்காரர் ஏன் என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை, இறைவாக்கினர் எலியா. குகை வாசலில் அவருக்குக் காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் ஆண்டவர் இல்லை, அதற்குப் பிறகு அடக்கமான மெல்லிய ஒலி. எனக்குக் கிறீச்.

ஆனால் கல்யாணத்துக்கு வராதவர் விஷயம் அங்கே வந்தது கவனிக்க வேண்டியது. 3 வருடமாக அவர் பின்னாலேயே உட்கார்ந்து, "சமாதானம்" என்று கும்பிட்டு, பாட்டும் வாசித்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்குள் இருப்பதே பாட்டுச் சத்தத்தில் தெரியவில்லை.

இன்னொன்று. முதல் நாள் நான் "அமைதி கிடைக்கவில்லை" என்று நீங்கள் சொன்னதற்குத் தலையாட்டினேன். இப்போது அந்தச் சொல்லே சரியாகப் படவில்லை. சாந்திவனத்தில் அமைதி கிடைத்தது, ஆற்றோடு சேர்த்து. இங்கே அந்த 55 விநாடிக்கு ஒரு தாய் குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டிருந்தாள், ஒரு பையன் இருமலை அடக்கி முகம் சிவந்து போனான், நான் கையை மடியில் வைத்திருந்தேன், கோவில்பிள்ளை தூணுக்குப் பின்னால் தவித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைத்தது அவர்கள் கொடுத்தது.

மாற்கு 6-ஐயும் எடுத்துப் பாருங்கள். "தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுங்கள்" என்று சீடர்களைப் படகில் ஏற்றுகிறார் இயேசு. கரையோடு ஓடிய கூட்டம் முந்திக்கொண்டு அங்கே நிற்கிறது. நற்செய்தியிலேயே ரிட்ரீட் ரத்து.

13 ஏப்ரல்

குருத்து ஞாயிறு. அந்த ஒரு நிமிடம் மறந்தே போயிற்று, கூட்டம் அப்படி. ஆனால் பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது இயேசு உயிர் விடும் இடத்தில் எல்லாரும் முழங்காலில் விழுந்து சற்று நேரம் அப்படியே இருந்தோம். யாரும் ஹலோ செக் சொல்லவில்லை. வருடா வருடம் நடப்பது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே நிற்கிறது.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி, விடிகாலை

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நேற்று பெரிய வியாழன். பாதம் கழுவும் பூசைக்குப் பிறகு நற்கருணையைப் பக்கப் பீடத்துக்குக் கொண்டுபோய் வைத்தாயிற்று. மணி அடிப்பது "உன்னதங்களிலே" பாட்டோடு நின்றுபோனது, இனி மரக்கட்டையைத் தட்டுவதுதான். ஆராதனைக்கு அன்பியவாரியாக மணி நேரம் பிரித்திருந்தார்கள். எங்கள் அன்பியத்துக்கு 10 முதல் 11. நான் பெருமையாக "நாம் ஒரு மணி நேரமும் மௌனமாக இருப்போம்" என்று முன்மொழிந்தேன். ஒத்துக்கொண்டார்கள். 8 நிமிடம் தாண்டியதும் ஒரு அக்கா மெல்ல ஜெபமாலையைத் தொடங்கினார். எல்லாருக்கும் உயிர் வந்தது. நானும்தான் பதில் சொன்னேன், சத்தமாக.

பிறகு தனியாக இருந்துவிட்டுப் போகலாம் என்று 11-க்கு மேலும் உட்கார்ந்தேன். மல்லிகை வாசனை, மெழுகு வாசனை. ஒலிவமலையில் இயேசு பேதுருவிடம் கேட்ட கேள்வியை நினைத்தேன்: ஒருமணி நேரம்கூட விழித்திருக்க முடியவில்லையா?

தோளைத் தொட்டது கோவில்பிள்ளை. "அண்ணே, பன்னெண்டு ஆயிருச்சு. பூட்டணும்."

நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

20 ஏப்ரல்

அல்லேலூயா. மணியை அடித்து அடித்துக் கயிற்றை அறுத்துவிட்டார்கள்.

21 ஏப்ரல், திங்கள்

மதியச் சாப்பாட்டின்போது செய்தி வந்தது. திருத்தந்தை பிரான்சிஸ். நேற்று உயிர்ப்பு ஞாயிறு ஆசீரை டிவியில் பார்த்தோம், குரல் எழும்பவே இல்லை. எங்கள் ஊர் மணிக்குப் புதுக் கயிறு கட்டியது துக்க மணி அடிக்கத்தான்.

2013 மார்ச் 13. நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. புதிதாகத் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மாடத்துக்கு வந்தார், மாலை வணக்கம் சொன்னார். ஆசீர் கொடுப்பதற்கு முன்னால், எனக்காக நீங்கள் முதலில் மௌனமாக மன்றாடுங்கள் என்று கேட்டுத் தலையைக் குனிந்தார். அவ்வளவு பெரிய சதுக்கம் சட்டென்று அடங்கியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டிவி சத்தம் போய்விட்டது என்று நினைத்து ரிமோட்டைத் தேடினேன். என் மனைவிதான் "சும்மா இருங்க, செபம் பண்றாங்க" என்றாள்.

கோவில்பிள்ளையைக் கிண்டல் செய்து எழுதியதற்கு நேரில் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அவர் இதையெல்லாம் படிப்பதில்லை. எதற்கு என்று கேட்பார்.

27 ஏப்ரல், ஞாயிறு

தவக்காலம் முடிந்தது, எண் 313 என்னை விட்டது. இன்று நன்மை வரிசை நீளம், இரண்டு பாட்டும் தேவைப்பட்டன, வாசித்தேன். இரண்டாவதை முழுதாக முடிக்காமல் ஒரு சரணத்தோடு நிறுத்திக் கையை எடுத்தேன். சாமி உட்கார்ந்தார். கடிகாரம் பார்க்கவில்லை, கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு வராதவரிடம் பேசினீர்களா என்று யாரும் கேட்க வேண்டாம். இன்னும் இல்லை.

மே இரண்டாம் ஞாயிறு எங்கள் பங்கில் புது நன்மை, பிள்ளைகள் முதல்முறை நன்மை வாங்கும் நாள். 31 பிள்ளைகள், 31 குடும்பம், இரண்டு வீடியோக்காரர்கள், ஒரு டிரோன். அன்றைக்கு அமைதி கிடையாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.